ராஜா போனார்; ராஜாவின் கேடயம் போகவில்லை!

சென்ற மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நாம் கீரமங்கலம் பூக்கமிஷன் கடைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பூ மூட்டை தூக்கிப் பிழைக்கும் தோழர் ஒருவர், வழக்கமாக ஓட்டமும் நடையுமாக இருப்பவர், அன்று ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். விசாரித்ததில், பக்கத்துத் தாலுகா ஒன்றில் உறவினர் வீட்டுக் கலியாணத்திற்குப் போய்த் திரும்பும்போது இரவில் போலீசார் பிடித்துக்கொண்டு போனதாகவும், ஏதோ ஒரு திருட்டைப் பற்றிக் கேட்டு முழங்காலுக்குக் கீழே அடித்ததாகவும், விடிந்ததும் "ஆள் நீ இல்லை, போ" என்று அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். கைது என்று ஒரு வரி எழுதவில்லை. விட்டுவிட்டோம் என்றும் எழுதவில்லை. காகிதத்தின்படி பார்த்தால் அந்த இரவில் அவர் அங்கே இருக்கவே இல்லை. காயம் மாத்திரம் இருக்கின்றது.

அவர் நம்மைக் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, அடிச்சது சர்க்காரு ஆளு. சர்க்காரு மேலயே கேஸு போட முடியுமாண்ணே? போட்டா நிக்குமா?" நாம் வாயெடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, "அட போப்பா, சாமியும் சர்க்காரும் ஒண்ணு. அது அடிச்சா வாங்கிக்க வேண்டியதுதான்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெரியவர் சொன்னது வெறும் பேச்சல்ல. பெரிய பெரிய வக்கீல்களும் ஜட்ஜுகளும் நூறு வருஷத்திற்கு மேலாகப் பல ஆயிரம் பக்கங்களில் எழுதி வைத்திருப்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேச்சு நடந்தது கீரமங்கலத்தில்! நக்கீரன் பெயரால் ஏற்பட்ட ஊர் இது என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். கோயில் குளத்தில் 81 அடி உயரத்திற்குச் சிவன் சிலையை நிறுத்தி, எதிரிலே நக்கீரனுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். சிவனாவது பாட்டெழுதி வருவதாவது, நெற்றியில் கண்ணாவது என்பது நமது அபிப்பிராயம். அந்தப் புராணக் குப்பையில் நமக்கு ஒரு தூசியளவும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தக் கதையில் ஒரு மனிதன் கடவுள் என்று சொல்லப்படுபவனை நேருக்கு நேர் பார்த்து, நீ யாராயிருந்தாலும் தப்பு தப்புத்தான் என்று சொன்னதாக இருக்கின்றது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாழ்கின்ற ஊரிலே, ஒரு போலீஸ்காரர் செய்த தப்பைத் தப்பு என்று சொல்லலாமா என்பதற்கே ஒரு மனிதன் பயந்து பயந்து கேட்க வேண்டியிருக்கிறதென்றால், அந்தச் சிலையைப் பார்த்து யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கின்றோம்.

நிற்க. சாமியும் சர்க்காரும் ஒன்று என்கின்ற இந்த மூடநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ராஜா சின்னக் குழந்தையாயிருந்தாலும் அவனை மனிதன் என்று அலட்சியம் செய்யக்கூடாது, அவன் மனித உருவத்திலிருக்கும் தேவதை என்று மனு தர்மத்தின் ஏழாவது அத்தியாயம் சொல்லுகிறது. வெள்ளைக்காரன் தேசத்திலேயும் இதே புரட்டுத்தான். அரசன் தப்பே செய்யமாட்டான் என்பது அவர்கள் சட்டத்தின் பழைய சூத்திரம். அங்கே பாதிரி சொன்னதை இங்கே பார்ப்பான் சொன்னான், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வெள்ளைக்காரன் தன் தேசத்தில் 1947-ல் ஒரு சட்டம் செய்து, சர்க்கார் ஆட்கள் செய்யும் கேட்டிற்குச் சர்க்கார் மேல் மற்ற மனிதர்கள் மேல் போடுவது போலவே வழக்குப் போடலாம் என்று ஆக்கிக்கொண்டான். நம்முடைய யோக்கியதை என்ன?

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ந் தேதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. தொண்டைமான் ராஜா போனார். 1950 ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் வந்தது. எல்லாரும் பிரஜைகள், எல்லாரும் சமம் என்றார்கள். ஆனால் அதே அரசியல் சட்டத்தின் 300-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். சர்க்கார் மேல் எந்தெந்த விஷயத்தில் வழக்குப் போடலாம் என்பதற்கு அது புதிதாக ஒரு விதியும் சொல்லவில்லை. முன்னே இருந்த மாகாணங்கள் மேல் எப்படிப் போடலாமோ அப்படி என்கிறது. முன்னே எப்படி என்று தேடினால் 1935-ம் வருஷத்துச் சட்டம். அதற்கு முன் 1915. அதற்கு முன் 1858. அதற்கும் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி! ஆக, பூ மூட்டை தூக்குகின்ற நம் தோழர், கிளைவும் ஹேஸ்டிங்ஸும் உத்தியோகம் பார்த்த கம்பெனி மேல் எந்த அளவுக்கு வழக்குப் போட்டிருக்கலாமோ அந்த அளவுக்குத்தான் இன்றைய ஜனநாயக சர்க்கார் மேல் நஷ்டஈட்டுப் பிராது போடலாம். இதைச் சுயராஜ்யம் என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கின்றது.

அந்தக் கம்பெனி விஷயத்தில் கல்கத்தாவில் 1861-ல் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். சர்க்கார் கப்பல் பட்டறை ஆட்கள் ஒரு பெரிய இரும்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போகும்போது, எதிரே வந்த கப்பல் கம்பெனிக்காரரின் குதிரை வண்டியைக் கண்டு அவசரத்தில் இரும்பைக் கீழே போட்டுவிட்டார்கள். சத்தத்திற்குக் குதிரை மிரண்டு காயப்பட்டது. குதிரைக்கு 350 ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. ஏனென்றால் கப்பல் பட்டறை வியாபாரிகூட நடத்தக்கூடியதாம். ராஜாங்க அதிகாரத்தைச் செலுத்தும் காரியமாயிருந்திருந்தால் வழக்கே நிற்காதாம்! குதிரையின் காலுக்குக் கிடைத்த நியாயம் மனிதன் காலுக்குக் கிடைக்குமா என்றால், அடித்தவன் பட்டறைக்காரனா போலீஸ்காரனா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இது பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை மீரத் பட்டணத்தில் போலீசார் சந்தேகத்தின்மேல் பிடித்து, அவரிடமிருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஆளை ஜாமீனில் விட்டார்கள். வெள்ளி திரும்பி வந்தது. தங்கம் வரவில்லை, காவலுக்கு இருந்த ஹெட் கான்ஸ்டபிளே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார்! வியாபாரி வழக்குப் போட்டார். சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து ஜட்ஜுகள் உட்கார்ந்து, போலீசார் அஜாக்கிரதையாயிருந்தது வாஸ்தவந்தான், ஆனால் கைது செய்வதும் சாமானைப் பிடித்து வைப்பதும் ராஜாங்க அதிகாரம், ஆகையால் சர்க்கார் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர். 1965-ம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கின்றது. இந்த நிலைமை சரியல்ல, சட்டசபைகள் இதற்கு ஒரு சட்டம் செய்ய வேண்டும் என்று அந்த ஜட்ஜுகளே சேர்த்து எழுதினார்கள். அதற்கு முன்னாலேயே 1956-ல் சட்டக் கமிஷனும் தன் முதலாவது அறிக்கையில் அதைத்தான் சொல்லிற்று. 1965-லும் 1967-லும் மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டும் மசோதாவாகவே செத்துப் போயின. இன்றைக்கும் அந்தச் சட்டம் கிடையாது. பசுவுக்கு ஒரு சட்டம் என்றால் ராவோடு ராவாக நிறைவேற்றத் தெரிந்த கனவான்களுக்கு, மனிதனை அடித்தால் யார் பொறுப்பு என்று நாலு வரி எழுத 70 வருஷம் போதவில்லை!

கோர்ட்டு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சட்டசபை தூங்கினபோது கோர்ட்டு கொஞ்சம் விழித்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பீகாரில் ருதுல் சா என்பவர் 1968 ஜூனில் குற்றமற்றவர் என்று செஷன்ஸ் கோர்ட்டால் விடுதலை செய்யப்பட்டார். ஜெயில் கதவு திறந்தது 1982 அக்டோபரில்! பதினான்கு வருஷம் எதற்காக வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, பைத்தியம் என்றார்கள். அதற்கு ருஜு கேட்டதற்குப் பதில் இல்லை. 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 30,000 ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. தொகை அற்பந்தான். பதினான்கு வருஷத்துக்கு நாள் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஆறு ரூபாய்கூட வராது. ஆனால், ஜீவாதார உரிமையைப் பறித்தால் ரிட் மனுவிலேயே சர்க்காரைப் பணம் கட்டச் சொல்லலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது.

பின்பு ஒரிசாவில் ஒரு தாய். அவளுடைய 22 வயது மகனை 1987 டிசம்பர் முதல் தேதி போலீசார் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். போலீசார் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிப்போனானாம், ரயிலில் அடிபட்டானாம்! புராணக்காரன் தோற்றுப் போவான். அந்தத் தாய் வக்கீல் வைக்கவில்லை, முத்திரைக் காகிதம் வாங்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. நீலாபதி பெஹரா வழக்கு என்பது அதுதான். அரசியல் சட்டம் கொடுத்திருக்கும் ஜீவாதார உரிமையைச் சர்க்கார் பறித்தால், ராஜாங்க அதிகாரம் என்ற சாக்கு அங்கே செல்லாது என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டது. கடவுளுக்குக் கடிதம் எழுதி உண்டியலில் போடுகின்றவர்கள் இந்தத் தாயைக் கவனிக்க வேண்டும். அவள் எழுதின இடத்தில் படிக்க ஆள் இருந்தது.

சரி, பணம் கொடுத்தார்களே, அது யார் பணம்? இதுதான் நமது கேள்வி. அடித்தவர் கொடுத்தாரா? இல்லை. அவருடைய மேலதிகாரி கொடுத்தாரா? அதுவுமில்லை. கஜானாவிலிருந்து கொடுத்தார்கள். கஜானாவில் இருப்பது யாருடையது? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கட்டின வரி. அடிபட்டவனும் அவன் பக்கத்து வீட்டுக்காரனும் சேர்ந்து அடிக்குக் கூலி கொடுத்தது போலாயிற்று. அடித்தவருக்கு அதே சம்பளம், அதே பென்ஷன், சில இடங்களில் பிரமோஷனும்கூட!

இதையே திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பக்கத்துக் கொத்தமங்கலத்தில் நிவாரணம் வரவில்லை என்று ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். சர்க்கார் வண்டிகள் எரிந்தன. இரவோடிரவாக ஆட்களைப் பிடித்தார்கள். வண்டியை எரித்தது சரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டில் 1992-ம் வருஷத்துச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கின்றது. பஸ் கண்ணாடியை ஒரு கூலிக்காரன் உடைத்தால் அவனுக்கு ஜெயில் உண்டு. கண்ணாடியின் விலையையும் அவனிடமே வசூலிக்க வழி செய்திருக்கிறார்கள். சர்க்கார் கண்ணாடி உடைந்தால் உடைத்தவன் தலையில். மனிதனுடைய முழங்கால் உடைந்தால் ஊரார் தலையில்! கண்ணாடிக்கு இருக்கின்ற மதிப்பு எலும்புக்கு இல்லை என்பதுதானே இதன் அர்த்தம்?

அன்றியும், பணத்தை விட்டுவிட்டுக் குற்ற வழக்கே போடலாம் என்றால் அங்கே இன்னொரு கேடயம் இருக்கின்றது. சர்க்கார் அனுமதியின்றி வேலையிலிருந்து நீக்கப்பட முடியாத உத்தியோகஸ்தர், தன் உத்தியோகக் கடமையைச் செய்ததாகச் சொல்லி ஒரு குற்றம் செய்தால், அந்தச் சர்க்காரே அனுமதி கொடுத்தால்தான் கோர்ட்டு வழக்கை எடுக்கலாம். வெள்ளைக்காரன் 1898-ல் செய்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 197-வது பிரிவு. 1973-ல் சுதேசிகள் திருத்தி எழுதினபோதும் அதே 197. எண்ணைக்கூட மாற்ற மனம் வரவில்லை. இப்போது 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் சட்டத்திற்குப் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று நம் வாயில் நுழையாத சமஸ்கிருதப் பெயரை வைத்து, அடிமைச் சின்னத்தை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டினார்கள். பார்த்தால், 197 என்பது 218 ஆகியிருக்கின்றது! 120 நாளைக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாக எண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு நல்ல வரியைச் சேர்த்திருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் திருடனைப் பிடிக்கத் திருடன் வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்ற அடிப்படை அப்படியே இருக்கின்றது. லாக்கப்பில் மனிதனை அடிப்பது உத்தியோகக் கடமையாகாது என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கின்றன. ஆனால் கடமையா இல்லையா என்று வாதம் செய்து முடிப்பதற்குள் சாட்சிகள் செத்துப் போவார்கள்.

வேறு தேசங்களில் எப்படி என்றால், அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே உள்நாட்டு யுத்தம் முடிந்து, அடிமைகளாயிருந்த கருப்பு மக்களை வெள்ளை முகமூடிக் கூட்டத்தார் கொன்று குவித்தபோது, மாகாண அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆகையால் 1871-ல் மத்திய சட்டசபை ஒரு சட்டம் செய்தது. மாகாண அதிகாரத்தின் பெயரால் எவன் உன் உரிமையைப் பறித்தாலும், அந்த ஆள்மேலேயே ஐக்கிய தேசத்தின் ஃபெடரல் கோர்ட்டில் நீ நேரே வழக்குப் போடலாம் என்பது அதன் சாரம். உள்ளூர் ஜட்ஜும் உள்ளூர்ப் போலீசும் ஒரே பந்தியில் சாப்பிடுகின்றவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டம் வெகு காலம் தூங்கிக் கிடந்தது. சிக்காகோவில் 1958-ல் ஒரு கருப்பர் வீட்டிற்குள் விடியுமுன் 13 போலீசார் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்து, புருஷனையும் பெண்சாதியையும் நிர்வாணமாக நடு வீட்டில் நிற்க வைத்தார்கள். 1961-ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், அந்த 1871-ம் வருஷத்துச் சட்டத்தின்படி போலீசார்மேல் வழக்கு நிற்கும் என்று தீர்ப்பு வாங்கினார்கள். மன்றோ வழக்கு என்று பெயர்.

ஆனால் அங்கேயும் புரோகிதம் ஒழியவில்லை. 1967-ல், பஸ் நிலையத்தில் வெள்ளையருக்கென்று ஒதுக்கின அறைக்குள் சேர்ந்து நுழைந்த பாதிரிமார்களைப் பிடித்த வழக்கில், போலீஸ்காரர் நல்லெண்ணத்தோடு செய்திருந்தால் தப்பலாம் என்று கோர்ட்டு ஒரு சந்தைத் திறந்துவிட்டது. 1982-ல் அந்தச் சந்தை ரோடாக்கினார்கள். செய்தது தப்பு என்பது போதாது, அது தப்பு என்று முன்னாலேயே தெளிவாகத் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டுமாம்! அதாவது இதே மாதிரி அடி இதற்கு முன் ஒருவன் வாங்கியிருந்தால்தான் நீ வாங்கின அடி அடியாகும். முதல் அடி இனாம். சாஸ்திரக்காரனுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை என்பதற்காகவே இதைச் சொன்னோம். ஆயினும், அடித்த ஆளின் பெயரை எழுதி நேரே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று ஒரு சட்டம் அங்கே எழுத்தில் இருக்கின்றது. நமக்கு அதுவும் இல்லை.

ஜீவாதார உரிமை என்று புத்தகத்தில் எழுதியிருப்பது யாருக்குச் சீக்கிரமாகப் பயன்பட்டது என்பதையும் தமிழ் மக்கள் மறக்கக்கூடாது. 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் வந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்திலேயே சென்னை ஐகோர்ட்டில் இரண்டு பார்ப்பனர்கள் மனுப் போட்டாகிவிட்டது. 14 இடத்தில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டவர்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு போட்ட வகுப்புவாரி உத்தரவு தங்கள் உரிமையைக் கெடுக்கின்றதாம். மருத்துவக் கல்லூரி இடத்திற்காக மனுப் போட்ட அம்மையார் அந்தக் கல்லூரிக்கு அப்ளிகேஷனே போடவில்லை என்பது பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டில் வெளிவந்தது. இன்னொருவருக்காக வாதாடினவர் அரசியல் சட்டத்தை எழுதின சபையில் உட்கார்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர்! ஜூலையில் ஐகோர்ட்டுத் தீர்ப்பு. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. பத்தே மாதம். தமிழ்நாடு கொதித்தெழுந்த பிறகுதான் அதே வருஷம் ஜூனில் முதல் திருத்தம் வந்து 15-வது பிரிவில் 4-வது உட்பிரிவு சேர்ந்தது. அப்ளிகேஷன் போடாதவருக்குப் பத்து மாதத்தில் கிடைத்த கதவு, குற்றமற்றவர் என்று தீர்ப்பான ருதுல் சாவுக்குப் பதினான்கு வருஷம் திறக்கவில்லை. உரிமை என்பது வாசலில் தொங்குகின்ற மணி. எட்டுகின்ற கைக்குத்தான் அடிக்கும்.

நம் ஜில்லாவிலேயே வேங்கைவயல் இருக்கின்றது. 2022 டிசம்பர் 26-ந் தேதி, தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிய வந்தது. மறுநாளே அப்போதைய கலெக்டரும் போலீஸ் சூப்பிரெண்டும் நேரில் போய், விலக்கி வைக்கப்பட்டிருந்த மக்களைக் கோயிலுக்குள் கூட்டிப் போனார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டார்கள். கோயிலுக்குள் போவதால் ஆவது ஒன்றுமில்லை என்பது நமது கொள்கையானாலும், அதிகாரிகள் மனது வைத்தால் நூறு வருஷத்து வழக்கத்தை ஒரே பகலில் உடைக்கலாம் என்பதற்கு அது ருஜு. அதே சர்க்கார் யார் செய்தது என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷத்திற்கு மேல் எடுத்துக்கொண்டது. சி.பி.சி.ஐ.டி. வந்தது, ஐகோர்ட்டு நியமித்த ஒரு நபர் கமிஷன் வந்தது, ரத்தப் பரிசோதனை வந்தது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் பேர் எழுதப்பட்டவர்கள் மூவரும் அந்தப் பாதிக்கப்பட்ட மக்களைச் சேர்ந்தவர்களே! அவர்கள் மறுக்கிறார்கள். உண்மை எது என்பதைச் சாட்சியத்தைக் கொண்டு கோர்ட்டு தீர்மானிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நாம் கேட்பது வேறு. பொதுத் தொட்டி பஞ்சாயத்தினுடையது. அதைச் சுத்தமாகக் காப்பது சர்க்காரின் கடமை. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது? விசாரணையை இரண்டு வருஷம் இழுத்ததற்கு எந்த அதிகாரியின் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்தார்கள்?

2025 ஜூனில் சிவகங்கை ஜில்லாவில் மடப்புரம் காளி கோயில் காவலாளி ஒருவரை, காரிலிருந்த நகை காணோம் என்ற புகாரின் பேரில் போலீசார் கொண்டுபோய் அடித்தே கொன்றதாக வழக்கு வந்தது. உடம்பில் நாற்பதுக்கு மேல் காயம். அகில லோகத்தையும் காப்பதாகச் சொல்லப்படுகிற காளியின் வாசலிலே அவளுடைய காவல்காரனைக் காக்க ஆள் இல்லை! மதுரை ஐகோர்ட்டுக் கிளை உடனே தலையிட்டது. சி.பி.ஐ. விசாரணை வந்தது, சர்க்கார் முன்பு கொடுத்ததற்கு மேல் 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்க ஜூலையில் உத்தரவாயிற்று. ருதுல் சாவின் முப்பதாயிரத்திலிருந்து இருபத்தைந்து லட்சத்திற்கு வந்திருக்கின்றோம். தொகை ஏறியிருக்கின்றது. அடி நின்றிருக்கின்றதா? நிற்காது. ஏனென்றால் ஏறின தொகையும் நம் பையிலிருந்துதான் போகின்றது. அடிக்கின்றவர் கைக்கு அது வலிக்காது.

இதற்குச் சில படித்த கனவான்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். உத்தியோகஸ்தர் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று வைத்தால் கை நடுங்குமாம், கடமையைச் செய்யமாட்டார்களாம். லாரி டிரைவர் ஆள்மேல் ஏற்றினால் அவர்மேல் கேஸ் வருகின்றது. அதனால் லாரி ஓடவில்லையா? டாக்டர் கவலையில்லாமல் கத்தி வைத்தால் நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதனால் ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டார்களா? மனிதனை அடிக்கும்போது கொஞ்சம் கை நடுங்கட்டுமே! அந்த நடுக்கத்தைத்தான் நாம் கேட்கின்றோம்.

ஆகையால் நாம் கேட்பது பெரிய அதிசயமல்ல. சர்க்கார் ஆள் சட்டத்திற்கு விரோதமாகப் பிரஜையின் உடம்புக்கோ உயிருக்கோ மானத்திற்கோ கேடு செய்தால், ராஜாங்க அதிகாரம் என்ற பேச்சே எழாமல் சர்க்கார் உடனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கொடுத்ததை வேண்டுமென்று செய்தவரிடமும், தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்ட மேலதிகாரியிடமும் கட்டாயம் வசூலிக்க வேண்டும். அந்த வழக்கிற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று இருக்க வேண்டும். 1956-லிருந்து பாக்கி நிற்கின்ற சட்டத்தை டில்லி செய்யாவிட்டால், சமூக நீதி பேசுகின்ற தமிழ்நாடு சட்டசபை முன்கை எடுக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களிடம் கோயில் கும்பாபிஷேகத்திற்குப் பணம் கேட்கின்ற ஊர்ப் பெரியவர்கள், ஒரு தடவை இதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அதுவரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. மாநில மனித உரிமைக் கமிஷன் என்று ஒன்று சென்னையில் இருக்கின்றது. அதற்கு வெள்ளைக் காகிதத்தில் எழுதினால் போதும். வக்கீலும் வேண்டாம், ஸ்டாம்பும் வேண்டாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்திற்குள் எழுத வேண்டும் என்பது மாத்திரம் முக்கியம். கமிஷன் சொல்வது வெறும் யோசனைதானே, சர்க்கார் தள்ளிவிடலாமே என்று வெகு நாளாகச் சொல்லி வந்தார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டில் மூன்று ஜட்ஜுகள் கூடி, கமிஷனின் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்றும், கொடுத்த தொகையைத் தப்புச் செய்தவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். நாம் மேலே கேட்டதில் ஒரு பாதி அங்கே இருக்கின்றது. புதுக்கோட்டை ஜில்லாவுக்கு ஐகோர்ட்டு சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மதுரைக் கிளை 2004-லிருந்து நடக்கின்றது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது; மற்ற ஏழைகளுக்கும் வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். தாலுகா கோர்ட்டில் சட்ட உதவிக் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். கேட்க வெட்கப்படக்கூடாது. அது பிச்சையல்ல.

பூக்கடையில் அன்று காலை நாம் இவ்வளவும் பேசவில்லை. தோழரை முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எப்படிக் காயம்பட்டது என்று டாக்டர் கேட்டபோது, "விழுந்துட்டேன்" என்று அவர் சொல்லப் போனார். வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று சொல்லி, சொன்னது சொன்னபடியே சீட்டில் எழுதச் செய்தோம். பிறகு திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினோம். பிடித்த நேரம், அடித்தவர் சட்டையில் இருந்த பேர், விட்ட நேரம், பார்த்த சாட்சி இரண்டு பேர், எல்லாம் ஒரு முழுத் தாளுக்குள் அடங்கிவிட்டது. கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் தோழர் கொஞ்சம் தயங்கினார். "அண்ணே, மறுபடியும் அந்த வழியாத்தான் நான் போகணும், வரணும்" என்றார். அந்தப் பயம் நியாயமான பயந்தான். நாம் அதைக் கேலி செய்யவில்லை. நாம் கூடவே சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். டீக்கடைப் பெரியவர் எட்டிப் பார்த்து, "எதுக்குப்பா இது" என்று கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், அன்று காலை காலை இழுத்துக்கொண்டு வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார். மனு அன்று மத்தியானமே ரிஜிஸ்தர் தபாலில் போயிருக்கின்றது. ரசீது நம்மிடம் இருக்கின்றது. பதில் வந்ததும் இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம், வராவிட்டாலும் வெளியிடுவோம்.